புதிய அணிக்கு முகம் வரைதல்: என்.எஃப்.எல். விரிவாக்க அணிகளின் சின்னமும் சீருடையும்

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-லில் புதிதாக ஓர் அணி சேர்க்கப்படும்போது அதன் சின்னத்தையும் சீருடையையும் யார் தீர்மானிக்கிறார்கள் என்பதும், ரசிகர்களும் வரைகலைஞர்களும் கற்பனை அணிகளுக்காக வரைந்து முன்வைக்கும் அழகான வடிவங்கள் ஏன் களம்வரை வந்து சேருவதில்லை என்பதும் கேள்வி. இந்த லீக்கில் கடைசியாக ஒரு புதிய அணி ஆடத் தொடங்கியது 2002-இல். அதன்பின் அணிகளின் எண்ணிக்கை 32-லேயே நிற்கிறது. ஆனாலும் செயின்ட் லூயிஸுக்கும் சான் அன்டோனியோவுக்கும் லண்டனுக்கும் இல்லாத அணிகளின் ஹெல்மெட்டுகளை வரைபவர்கள் ஓயவில்லை. அவர்களுடைய உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். அதனாலேயே, உண்மையில் களத்துக்கு வந்த வடிவங்களும் வராமல் போனவையும் எந்த வழியில் சென்றன என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஹெல்மெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்ற விளையாட்டுகளில் சின்னம் நெஞ்சின்மீது, தட்டையான துணியில் இருக்கும். இந்த ஆட்டத்தில் அது தலையின் இரு பக்கங்களிலும், வளைந்த ஓட்டின்மீது இருக்கிறது. 1948-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணியின் ஆட்டக்காரரும் ஓவியம் படித்தவருமான ஃபிரெட் கெர்க்கி, தம் அணியினரின் தோல் ஹெல்மெட்டுகளில் செம்மறிக் கடாவின் கொம்புகளைத் தம் கையாலேயே தீட்டியதிலிருந்துதான் இந்த வழக்கம் தொடங்குகிறது. அந்தக் கொம்பு இன்றும் அழியாமல் இருப்பதற்குக் காரணம் அது ஹெல்மெட்டின் வளைவோடு வளைகிறது என்பதே; தாளில் தனியாக வரைந்து பார்த்தால் அது வெறும் சுருள், தலையில் ஏறிய பிறகே அது கடாவாகிறது. புதிய அணிக்காக முன்மொழியப்படும் எந்த வடிவத்தையும் இந்த அளவுகோலால்தான் நான் முதலில் பார்ப்பேன். முகத்தைக் கம்பிகள் மறைத்துவிட்ட ஆட்டக்காரர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது, அரங்கத்தின் மேல்வரிசையில் இருப்பவருக்கு அந்தச் சின்னம் என்னவாகத் தெரியும் என்பதே கேள்வி.

தீர்மானிப்பவர்கள் என்று பார்த்தால், அணி உரிமையாளரின் விருப்பம் முதலிடம் பெறுகிறது என்றாலும், லீக்கின் வணிகப் பிரிவாக 1963-இல் அமைக்கப்பட்ட என்.எஃப்.எல். பிராப்பர்ட்டீஸ் நிறுவனத்தின் கை அதில் வலுவாக இருந்து வந்திருக்கிறது. ஜெர்சியும் தொப்பியும் விற்று வரும் பணம் பெரும்பாலும் எல்லா அணிகளுக்கும் பகிர்ந்தளிக்கப்படுவதால், புதிய அணியின் சின்னம் விற்குமா விற்காதா என்பதில் பழைய அணிகளின் உரிமையாளர்களுக்கும் பங்கு உண்டு. ஏற்கெனவே உள்ள அணிகளின் நிறங்களிலிருந்து அது விலகி நிற்க வேண்டும் என்ற கவலையும் இதில் சேர்கிறது. ஒருமுறை சீருடையை மாற்றினால் ஐந்து ஆண்டுகளுக்கு மீண்டும் மாற்றக் கூடாது என்று லீக் விதி வைத்திருப்பதால், தவறான தேர்வோடு பல ஆண்டுகள் வாழ வேண்டியிருக்கும்.

1976-இல் சேர்ந்த இரண்டு அணிகள், ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு வடிவங்கள் எவ்வளவு வேறுபட்ட கதியை அடையலாம் என்பதைக் காட்டுகின்றன. டாம்பா பே பக்கனியர்ஸ் அணிக்கு உள்ளூர்ச் செய்தித்தாளான டாம்பா டிரிபியூனின் ஓவியர் லமார் ஸ்பார்க்மன், இறகு வைத்த தொப்பியோடு பல்லில் குத்துவாளைக் கடித்தபடி கண்ணடிக்கும் ஒரு கடற்கொள்ளையனை வரைந்தார். புளோரிடாவின் ஆரஞ்சு நிறம், சிவப்பு, வெள்ளை. கோடுகளின் நேர்த்தியைப் பார்த்தால் அது மிக நல்ல ஓவியம். ஆனால் அந்த அணி 1976-இல் ஆடிய 14 ஆட்டங்களிலும் தோற்று, அடுத்த ஆண்டும் தொடர்ந்து 26 தோல்விகளை எட்டிய பின்னரே முதல் வெற்றியைக் கண்டது. சிரித்துக் கண்ணடிக்கும் முகமும் இளம் ஆரஞ்சும் அந்தத் தோல்விகளின் அடையாளமாகிவிட்டன. 1997-இல் ஈயச் சாம்பல் நிற ஹெல்மெட்டும், வாளில் பறக்கும் மண்டையோட்டுக் கொடியும் வந்தன. 2003 ஜனவரியில் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலையும் அந்தச் சீருடையில்தான் வென்றார்கள். பிறகு பழைய ஆரஞ்சுக்கு ஏங்கியவர்களும் அதே ரசிகர்கள்தாம். ஒவ்வோர் ஆட்டக்காரரும் பருவம் முழுவதும் ஒரே ஹெல்மெட் ஓடு ஒன்றையே அணிய வேண்டும் என்று 2013-இல் வந்த விதி, வெள்ளை ஓடு தேவைப்பட்ட அந்தப் பழைய சீருடையைத் தடுத்து வைத்தது. 2022-இல் விதி தளர்ந்த பின், 2023-இல் அது ஓர் ஆட்டத்துக்குத் திரும்பி வந்தபோது கிடைத்த வரவேற்பைப் பார்த்தவர்கள், ஓவியத்தில் குறை இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டார்கள்.

சியாட்டில் சீஹாக்ஸின் கதை வேறு. பெயரைப் பொதுமக்களிடம் கேட்டபோது இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பரிந்துரைகள் வந்தன. அவற்றில் 1,741 தனித்தனிப் பெயர்கள் இருந்தன. சின்னத்தை உருவாக்கியவர்கள் என்.எஃப்.எல். பிராப்பர்ட்டீஸின் வரைகலைஞர்கள். அவர்கள் வடமேற்குக் கரையோரப் பூர்வகுடிகளின் கலையைப் பற்றி 1950-இல் வெளிவந்த ஒரு நூலில், க்வாக்வாகாவாக்வ் மக்களின் உருமாற்ற முகமூடி ஒன்றின் படத்தைக் கண்டார்கள். மூடியிருக்கும்போது பறவையாகவும், திறக்கும்போது உள்ளே மனித முகமாகவும் தோன்றும் மரச் செதுக்கு அது. இப்போது மெய்ன் பல்கலைக்கழகத்தின் ஹட்சன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த முகமூடி, 2014-இல் சியாட்டிலின் பர்க் அருங்காட்சியகத்துக்கு வந்தபோது, சின்னத்துக்கும் அதற்கும் உள்ள ஒற்றுமையை மக்கள் நேரில் பார்க்க முடிந்தது. தடித்த கரைக்கோடு, கொக்கியாக வளைந்த அலகு, கண்ணைச் சுற்றிய இடைவெளி ஆகியவை மரத்தில் எப்படியோ ஹெல்மெட்டிலும் ஏறத்தாழ அப்படியே அமைந்திருக்கின்றன.

அந்த மக்களிடம் முன்கூட்டியே கேட்டுச் செய்யப்பட்டதா, அவர்களுக்கு உரிய மதிப்பு அப்போதே கிடைத்ததா என்ற கேள்விகளை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. இன்று ஒருவர் இப்படி ஒரு வடிவத்தை முன்மொழிந்தால் அந்தக் கேள்விகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். வடிவம் என்ற அளவில் மட்டும் பேசினால், விரிவாக்க அணிகளுக்காக இதுவரை செய்யப்பட்டவற்றில் இதுவே ஆகச் சிறந்தது என்பது என் கருத்து. பருந்தை எந்த ஊருக்கும் வரையலாம். இந்தக் கோடுகளால் வரையப்பட்ட பருந்து அந்தக் கரையோரத்துக்கு மட்டுமே உரியது. 2002-இல் நிறங்களை அடர்த்தியாக்கிக் கண்ணை மாற்றியபோதும் அதன் அடிப்படையை யாரும் தொடத் துணியவில்லை.

முன்மொழியப்பட்ட வடிவங்கள் என்று பேசும்போது 1993-ஆம் ஆண்டுதான் ஒரு பெரும் களஞ்சியம். அந்த ஆண்டு இரண்டு இடங்களுக்கு ஐந்து நகரங்கள் கடைசிச் சுற்றில் நின்றன: சார்லட், ஜாக்சன்வில், செயின்ட் லூயிஸ், பால்டிமோர், மெம்ஃபிஸ். ஒவ்வொரு நகரமும் பெயர், சின்னம், நிறங்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே வைத்துக்கொண்டுதான் போட்டியிட்டது. செயின்ட் லூயிஸ் ஸ்டாலியன்ஸ் என்ற பெயரையும், பால்டிமோர் பாம்பர்ஸ் என்ற பெயரையும், மெம்ஃபிஸ் ஹவுண்ட் டாக்ஸ் என்ற பெயரையும் முன்வைத்தன. பால்டிமோரின் பெயருக்கு ஆழமான காரணம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பறந்த பி-26 மரோடர் குண்டுவீச்சு விமானங்கள் அந்நகரின் அருகிலுள்ள மிடில் ரிவரில், கிளென் எல். மார்ட்டின் ஆலையில் செய்யப்பட்டவை. மெம்ஃபிஸின் பெயர் எல்விஸ் பிரெஸ்லியின் புகழ்பெற்ற பாட்டிலிருந்து வந்தது. எல்விஸின் சொத்துகளை நிர்வகிக்கும் நிறுவனமும் அந்த முயற்சியில் பங்கேற்றது.

இந்த மூன்றும் தோற்றதற்குச் சின்னம் காரணமில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அரங்கம், அதன் குத்தகை, உரிமையாளர் குழுவின் பணபலமும் ஒற்றுமையும், தொலைக்காட்சிச் சந்தை ஆகியவைதாம் வாக்குகளைத் தீர்மானித்தன. செயின்ட் லூயிஸில் அரங்கக் குத்தகையைப் பற்றியும் உரிமையாளர் குழுவுக்குள்ளேயும் எழுந்த சிக்கல் அதன் வாய்ப்பைக் குலைத்தது. அப்படியானால் சின்னத்தை எதற்காக முன்கூட்டியே வரைந்தார்கள்? நகர மக்களிடம் ஆர்வத்தை எழுப்பவும், இருக்கைகளுக்கு முன்பணம் கேட்கவும், பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் இடம்பெறவும் ஒரு முகம் தேவைப்பட்டது. இல்லாத அணிக்குப் பணம் கொடுக்க மக்கள் முன்வர வேண்டுமானால் அந்த அணி ஏற்கெனவே இருப்பதுபோலத் தோன்ற வேண்டும். அந்தப் பணியை அச்சின்னங்கள் செய்து முடித்துவிட்டே மறைந்தன. 1995-இல் ராம்ஸ் அணி செயின்ட் லூயிஸுக்கு இடம்பெயர்ந்து வந்ததும் ஸ்டாலியன்ஸ் என்ற பெயருக்கு வேலையில்லாமல் போயிற்று.

வென்ற இரண்டில் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸின் வரலாறு, வரைபவர்கள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. அணி அறிவிக்கப்பட்டபோது காட்டப்பட்ட வடிவத்தில் முழு உடலும் நீண்டு பாயும் ஜாகுவார் ஹெல்மெட்டில் இருந்தது. பார்த்தவுடன் பலருக்கும் அது ஜாகுவார் காரின் முன்மூடியில் பாயும் விலங்கை நினைவூட்டியது. அந்தக் கார் நிறுவனத்தை அப்போது வைத்திருந்தது ஃபோர்டு. அது ஆட்சேபம் தெரிவித்தது. இரு தரப்பு வழக்கறிஞர்களும் பேசி, அணி தன் வடிவத்தை மாற்றுவதென்றும், ஜாகுவார் அந்த அணியின் அதிகாரபூர்வக் கார் ஆவதென்றும் முடிவாயிற்று. 1995-இல் களத்துக்கு வந்தது உறுமும் தலை மட்டுமே. அதன் நாக்கு டீல் எனப்படும் நீலப்பச்சை நிறத்தில் இருந்தது. உரிமையாளர் வெய்ன் வீவர், தம் மனைவியின் யோசனை அது என்று சொன்னதோடு, எங்கள் ஜாகுவாருக்குப் பாந்தர்களைத் தீனியாகப் போட்டதால் வந்த நிறம் என்று, வென்ற மற்றோர் அணியான கரோலினா பாந்தர்ஸைச் சீண்டவும் செய்தார். கட்டாயத்தால் வந்த இரண்டாவது வடிவம் முதலாவதைவிட நன்றாக அமைந்தது என்றே நான் கருதுகிறேன். நீண்டு பாயும் உடல் ஹெல்மெட்டின் குறுகிய பக்கத்தில் சிறுத்துப்போகும். தலை அந்த இடத்தை நிறைக்கும்.

டீல் நிறமும் அக்காலத்தின் முத்திரைதான். 1988-இல் சார்லட் ஹார்னெட்ஸ் கூடைப்பந்து அணியும், 1991-இல் சான் ஹோசே ஷார்க்ஸ் பனிவளைகோல் அணியும், 1993-இல் புளோரிடா மார்லின்ஸ் பேஸ்பால் அணியும் அந்த நிறத்தோடு வந்து கடைகளில் விற்றுத் தீர்த்தன. சில ஆண்டுகளில் பழையதாகிவிடும் என்று பலரும் எதிர்பார்த்த அந்த நிறத்தை ஜாகுவார்ஸ் 2021-இல் மீண்டும் தன் முதன்மை நிறமாக்கிக்கொண்டது. இடையில் 2013-இல், முன்பக்கம் கறுப்பாகவும் பின்பக்கம் பொன்னிறமாகவும் மங்கும் ஒரு ஹெல்மெட்டை அது அணிந்தது. கணினித் திரையில் ஒரு பக்கத் தோற்றமாகப் பார்க்க அது கவர்ச்சியாக இருந்திருக்கக் கூடும். களத்தில், எதிரே நின்று பார்த்தால் கறுப்பு அணி, பின்னால் நின்று பார்த்தால் பொன்னிற அணி என்று இரண்டாகப் பிரிந்தது. 2018-இல் அது கைவிடப்பட்டது.

கரோலினா பாந்தர்ஸ் தனக்கு வைத்துக்கொண்ட சிக்கல் நிலப்பரப்பைச் சார்ந்தது. அரங்கம் வட கரோலினாவின் சார்லட்டில். பெயரோ இரண்டு மாநிலங்களுக்கும் பொதுவானது. சார்லட் அரங்கம் முடிவதற்கு முன், 1995-இல் முதல் பருவத்தின் சொந்தக்கள ஆட்டங்களைத் தென் கரோலினாவின் கிளெம்சனில் ஆடினார்கள். சின்னத்தில் பாந்தரின் தலைக் கரைக்கோடு இரு மாநிலங்களும் இணைந்த நிலப்படத்தின் வடிவைத் தழுவியது என்று சொல்லப்படுகிறது. வெளியூர்க்காரருக்கு அது கண்ணில் படவே படாது. படாமல் இருப்பதுதான் சரி. உள்ளூர்ப் பிரிவுகளைச் சமன்செய்யும் இந்தக் கலையை அட்லாண்டா ஃபால்கன்ஸ் 1966-லேயே செய்திருந்தது: ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் சிவப்பு, கறுப்போடு அதன் போட்டியாளரான ஜார்ஜியா டெக்கின் பொன்னிறத்தையும் வெள்ளையையும் ஹெல்மெட்டின் நடுக்கோட்டில் சேர்த்தார்கள். ஒரு மாநிலத்தில் கல்லூரி அணிகள்மீது மக்கள் வைத்திருக்கும் பற்று எப்படிப்பட்டது என்று அறியாமல் நிறம் தேர்ந்தெடுப்பவர், பாதி நகரத்தை முதல் நாளிலேயே இழந்துவிடுவார்.

ரசிகர் ஒருவர் வரைந்த வடிவம் உண்மையிலேயே களத்தை எட்டிய வழக்கும் உண்டு. அது மகிழ்ச்சியான கதை இல்லை. கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் உரிமையாளர் தம் அணியை 1996-இல் பால்டிமோருக்குக் கொண்டுவந்தபோது, பிரவுன்ஸின் பெயரும் நிறங்களும் வரலாறும் கிளீவ்லாண்டிலேயே தங்கிவிட்டன. பால்டிமோரில் ஆடியது லீக்கின் கணக்கில் புதிய அணி. அந்நகரில் அடக்கமாகியிருக்கும் கவிஞர் எட்கர் ஆலன் போவின் ‘தி ரேவன்’ கவிதையில் வரும் காக்கையை நினைவுகூர்ந்து, செய்தித்தாள் நடத்திய தொலைபேசி வாக்கெடுப்பில் மக்கள் ரேவன்ஸ் என்ற பெயரைப் பெருவாரியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது அரசு அலுவலகக் கட்டடம் ஒன்றில் காவலராக இருந்த ஓர் ஓவிய ஆர்வலர், சிறகு விரித்த கேடயத்தில் பி என்ற எழுத்தை வைத்து ஒரு வடிவம் வரைந்து, மேரிலாண்ட் அரங்க ஆணையத்துக்கு ஃபேக்ஸ் அனுப்பினார். பயன்படுத்தினால் தமக்கு ஒரு பாராட்டுக் கடிதமும் கையெழுத்திட்ட ஹெல்மெட்டும் போதும் என்று அதில் எழுதியிருந்தார்.

சில மாதங்களில் வெளியான அணியின் சின்னம் சிறகு விரித்த கேடயமாகவே இருந்தது. 1998-இல் நீதிமன்றத்தின் நடுவர் குழு (ஜூரி), அவருடைய பதிப்புரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. 2000-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 1999-இல் அணி காக்கைத் தலையின் பக்கவாட்டுத் தோற்றத்துக்கு மாறிவிட்டது. ஆனால் இழப்பீட்டை முடிவுசெய்ய 2002-இல் கூடிய நடுவர் குழு, அணியின் வருவாயில் அந்தச் சின்னத்தால் வந்ததென்று சொல்லத்தக்க பங்கு எதுவும் இல்லை என்று முடிவுசெய்ததால், அவருக்கு ஒரு டாலரும் கிடைக்கவில்லை. வரைந்தவர் கேட்டது ஒரு கடிதமும் ஒரு ஹெல்மெட்டும்தான் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது. கேட்காமல் வரும் வடிவங்களைத் திறந்துகூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பும் எச்சரிக்கை நிறுவனங்களுக்கு ஏன் தேவைப்படுகிறது என்பதும் இத்தகைய வழக்குகளால்தான் விளங்கும்.

கடைசியாக வந்தது ஹூஸ்டன் டெக்ஸன்ஸ். 1999 அக்டோபரில் 70 கோடி டாலர் கொடுத்து அணியை வாங்கிய பாப் மெக்நேர், அப்போலோஸ், ஸ்டாலியன்ஸ், டெக்ஸன்ஸ் என்ற மூன்று பெயர்கள் கடைசியாக நிற்க, 2000 செப்டம்பரில் பெயரையும் சின்னத்தையும் ஒன்றாக அறிவித்தார். அப்போலோஸ் என்பது விண்வெளி ஆய்வு மையம் இருக்கும் நகருக்குப் பொருத்தமான பெயர். அது தோற்றதில் வருந்திய பலரில் நானும் ஒருவன். தேர்வான சின்னமோ வலிமையானது: டெக்ஸஸ் கொடியின் நீலம், சிவப்பு, வெள்ளை மூன்றையும் கொண்டு அமைத்த காளையின் முகம், அதன் கண்ணாக அக்கொடியின் ஒற்றை நட்சத்திரம். கொடி, காளை என இரண்டு பொருள்களை ஒன்றுக்குள் ஒன்று வைத்து, மூன்றாவது எதையும் சேர்க்காமல் நிறுத்திக்கொண்ட கட்டுப்பாடு அதில் இருக்கிறது.

ஆனால் ஹூஸ்டன் மக்களின் மனதில் இருந்த நிறம் வேறு. 1996 வரை அங்கே ஆடிய ஆயிலர்ஸ் அணியின் வெளிர் நீலமும் எண்ணெய்க் கிணற்றுக் கோபுரமும் அணியோடு டென்னசிக்குச் சென்றுவிட்டன. அவை இன்று டைட்டன்ஸ் அணியின் உடைமை. 2023 டிசம்பரில் டைட்டன்ஸ், ஆயிலர்ஸ் சீருடையை அணிந்துகொண்டு, வேறு எந்த அணியோடும் இல்லாமல், ஹூஸ்டன் அணியோடு ஆடியது. அடுத்த ஆண்டே டெக்ஸன்ஸ் தன் புதிய சீருடைகளில் ஒரு வெளிர் நீலத்தைச் சேர்த்துக்கொண்டது. நிறத்தின்மீது ஒரு நகரத்துக்கு இருக்கும் உரிமையும், சட்டம் ஒப்புக்கொள்ளும் உரிமையும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால், புதிய அணிக்கு வரைபவர் அந்த ஊரில் முன்பு ஆடிய அணிகளின் நிறங்கள் இப்போது யாரிடம் இருக்கின்றன என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

இப்போது முன்வைக்கப்படும் கற்பனை வடிவங்களில் நான் அடிக்கடி காணும் குறை, ஊரைப் பற்றித் தெரிந்த அனைத்தையும் ஒரே சின்னத்தில் திணிப்பது. செயின்ட் லூயிஸ் என்றால் வளைவு நினைவுச்சின்னம், மிசிசிப்பி ஆறு, படகு, லில்லி மலர் நான்கும் வந்துவிடுகின்றன. தாளில் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிய, ஹெல்மெட்டில் ஒன்றும் தெரிவதில்லை. இன்னொரு குறை, ஒரே பக்கத் தோற்றத்தை மட்டும் வரைவது. ஹெல்மெட்டின் மறுபக்கத்தில் சின்னம் திரும்ப வேண்டும். எழுத்து இருந்தால் அது இடவலம் மாறிய கண்ணாடி உருவமாகிவிடும் என்பதால் இரண்டாவது வடிவம் ஒன்று வேண்டும். விலங்கு இரு பக்கங்களிலும் முன்னோக்கிப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஆட்டக்காரர் முன்னால் ஓட, விலங்கு பின்னால் ஓடும். வெள்ளைச் சீருடையோடும் நிறச் சீருடையோடும் அதே ஹெல்மெட் பொருந்த வேண்டும். இவ்வளவையும் செய்து பார்த்தபின், ஒரு கறுப்புப் பேனாவால் கட்டைவிரல் நகத்தின் அளவில் நினைவிலிருந்து வரைந்து பாருங்கள். சீஹாக்ஸின் பறவையையும் ராம்ஸின் கொம்பையும் அப்படி வரைந்துவிடலாம்; உங்கள் வடிவத்தில் எந்தக் கோடு கைக்கு வரவில்லையோ அந்தக் கோட்டை நீக்கிவிட்டு மறுபடியும் தொடங்கலாம்.